மறுபூச்சு அடித்த ஜெர்மன் ஹெல்மெட்: வாங்குமுன் எப்படிப் பார்ப்பது

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஹெல்மெட் சேகரிப்பவர்களில் பலர் விற்பவரிடம் முதலில் கேட்பது, "தொழிற்சாலை பெயிண்ட்தானே?" என்பதுதான். மேலே வேறு பூச்சு இருந்தால் கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல் நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போவதைத்தான் நான் தேடிப் போகிறேன். 1936ல் ஆலையில் பச்சை அடித்து, 1940க்குப் பிறகு படைக் கிடங்கில் கருஞ்சாம்பல் அடித்து, 1944 கோடையில் பிரான்ஸின் வடக்கே நார்மண்டியில் ஏதோ ஒரு வேலியோரம் மஞ்சளும் பழுப்பும் தெளித்த ஹெல்மெட் ஒன்று கிடைத்தால், எட்டு வருட வரலாறு ஒரே தகட்டின் மேல் அடுக்கடுக்காக இருக்கிறது. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த அடுக்குகள் உண்மையிலேயே அந்தந்தக் காலத்தில் வந்தவையாக இருக்க வேண்டும்.

நான் அதே நார்மண்டியில் உள்ள கான் நகருக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் கார்களுக்கு பெயிண்ட் அடிக்கிறேன். டிங்கரிங் முடிந்து, பட்டி பார்த்து, பிரைமர், மேல் கோட் என்று போகிற வேலை. வருகிற காரில் எந்தக் கதவு அடிபட்டது, எந்த இடத்தில் யார் மறுபடி பெயிண்ட் அடித்தார்கள் என்று கண்டுபிடிப்பது எங்களுக்கு அன்றாடம். ஹெல்மெட்டுக்கும் அதே கண்தான் வேண்டும். வண்ணப் படத்தோடு நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் நிறத்தை யாரும் கலந்துவிடலாம். எது எதற்கு மேல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காலம் போயிருக்கிறது என்பதைப் போலியாகச் செய்வதுதான் கடினம்.

முதலில் தகடு, பிறகு பெயிண்ட்

பெயிண்டுக்குப் போகுமுன் தகடு எந்தக் காலத்தது என்று தெரிந்தாக வேண்டும். 1916ல் வந்த முதல் மாடலை வடிவமைத்தவர் ஹனோவரைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்ட். அதன் இரு பக்கமும் சிறு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். காற்று போவதற்கும், நெற்றிக் கவசத் தகட்டை மாட்டுவதற்கும் அது. 1935ல் வந்த எம்35 அதைவிடச் சிறியது. கொம்பு போய், தனியாகச் செய்து பொருத்திய காற்றுக் குழல் வந்தது. விளிம்பை உள்பக்கமாக மடித்திருப்பார்கள். 1940ன் எம்40ல் காற்றுத் துளையைத் தகட்டிலேயே அச்சில் எழுப்பினார்கள், தனிக் குழல் கிடையாது. 1942 ஆகஸ்டில் வந்த எம்42ல் விளிம்பை மடிக்கும் வேலையையும் விட்டுவிட்டார்கள். வெட்டிய முனை சற்றே வெளிப்பக்கம் விரிந்தபடி நிற்கும். விரலால் தடவினாலே எம்40க்கும் எம்42க்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

உள்ளே பெரும்பாலும் இடது பக்க ஓரத்தில் எழுத்தும் எண்ணும் தகட்டில் அடித்திருக்கும். 'ஈ டி' என்றால் டாலே நகர ஆலை, பின்னாளில் அதே ஆலைக்கு 'சி கே எல்'. 'க்யூ' என்றால் எஸ்லிங்கனில் இருந்த க்விஸ்ட். 'எஸ் ஈ', பிறகு 'எச் கே பி', இரண்டும் சாக்சனியின் லாவ்டர் ஊர் ஆலை. 'ஈ எஃப்' ஃபுல்டா நகர ஆலை. 'என் எஸ்' என்றால் நிக்கல் ஆலை. பக்கத்தில் உள்ள 62, 64, 66, 68 என்ற எண் தகட்டின் அளவு. 64 தகட்டுக்குள் 56, 57 சென்டிமீட்டர் தலைக்கான உள்தோல் (தலையில் படும் தோல் வளையம்) வரும், 66க்குள் 58, 59. பின்பக்க ஓரத்தில் தனியாக ஒரு தொகுதி எண் இருக்கும்.

இந்த முத்திரை ஆலையை அடையாளம் காண மட்டுமல்ல, பூச்சு எங்கே அடித்தது என்றும் சொல்லும். எழுத்துக் குழிக்குள் டார்ச் அடித்து எத்தனை நிறம் இருக்கிறது என்று பாருங்கள். கிடங்கில் உள்தோலைக் கழற்றி உள்ளும் புறமும் அடித்திருந்தால் குழிக்குள் இரண்டு பூச்சு படிந்து எழுத்து மழுங்கியிருக்கும். களத்தில் சிப்பாய் அடித்தது என்றால் உள்தோல் இருந்தபடியே வெளியே மட்டும் அடித்திருப்பான். குழிக்குள் ஆலைப் பூச்சு மட்டும்தான் இருக்கும், விளிம்பைச் சுற்றி உள்பக்கம் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குத் தெறித்த சாரல் இருக்கும்.

தகடும் பூச்சும், பக்கவாட்டில் ஒட்டிய படைச் சின்னமும் காலத்தில் ஒத்துப்போகிறதா என்பது அடுத்த கேள்வி. எம்35 ஆலையிலிருந்து வழவழப்பான இளம்பச்சையில் வந்தது, விமானப்படைக்கு நீலச்சாம்பல். தரைப்படை ஹெல்மெட்டில் இடது பக்கம் கழுகு, வலது பக்கம் கறுப்பு வெள்ளை சிவப்புக் கேடயம். 1940 மார்ச்சில் உத்தரவு மாறியது. மூன்று நிறக் கேடயம் போயிற்று, பூச்சு சொரசொரப்பான, பளபளப்பில்லாத கருஞ்சாம்பல் ஆயிற்று. பளபளப்பும் கேடயமும் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டதுதான் காரணம். 1943 ஆகஸ்டில் கழுகையும் நிறுத்தினார்கள். ஆகவே தரைப்படை என்று சொல்லி விற்கிற எம்42ல் மூன்று நிறக் கேடயம் இருந்தால் பேசாமல் கீழே வைத்துவிடுங்கள். எம்42ன் அடிப்பூச்சு வழவழ இளம்பச்சை என்றாலும் அப்படித்தான். போலீஸ் ஹெல்மெட் மட்டும் வேறு கணக்கு. அவர்கள் இரட்டைச் சின்னத்தை அதற்குப் பிறகும் வைத்திருந்தார்கள்.

போரின்போது ஏன் அடித்தார்கள்

கிடங்குப் பூச்சுதான் அதிகம் கிடைக்கும். 1940 உத்தரவுக்குப் பிறகு பச்சை எம்35கள் கருஞ்சாம்பலுக்கு மாறின. முதல் உலகப் போரின் கொம்பு வைத்த ஹெல்மெட்டுகளைக்கூடப் புது உள்தோல் போட்டு, மறுபூச்சு அடித்து, 1930களின் சின்னம் ஒட்டித் திரும்பக் கொடுத்தார்கள். இவை சீராக, சலிப்பாக இருக்கும். விலையும் பெரிதாக ஏறாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கேயே தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் இவற்றைப் போலி செய்து யாருக்கும் லாபமில்லை.

வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் மணல் நிறம். கையில் கிடைத்த பெயிண்டைப் பிரஷ்ஷால் அடித்து, மின்னாமலிருக்க ஈரத்தின் மேல் மணலைத் தூவியிருப்பார்கள். கிழக்கு முனையில் குளிர்கால வெள்ளை. பனி போனதும் தேய்த்துக் கழற்ற வேண்டிய பூச்சு என்பதால் முழுதாக மிஞ்சியது அபூர்வம். உண்மையான வெள்ளை பள்ளங்களில்தான் ஒளிந்திருக்கும்: சொரசொரப்பின் குழிகளில், காற்றுத் துளையின் உள்சுவரில், ஆணித் தலையைச் சுற்றி, விளிம்பின் அடியில். மேடுகளில் வெள்ளை, பள்ளத்தில் இல்லை என்றால் யாரோ சமீபத்தில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார்கள்.

மூன்று நிற நார்மண்டி பூச்சுக்குத்தான் எல்லோரும் அலைகிறார்கள். அதன் பின்கதையைத் தெரிந்துகொண்டால் சோதிப்பது எளிது. 1943 பிப்ரவரியில் வாகனங்களின் அடிப்படை நிறம் அடர் மஞ்சளாக மாறியது. பச்சையும் செம்பழுப்பும் கெட்டியான விழுதாகப் படைப்பிரிவுகளுக்குப் போயின. அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து வண்டிகள் மேல் தெளிக்க வேண்டும். அதே ஸ்ப்ரே கன்னைச் சிப்பாய்கள் ஹெல்மெட் மேலும் திருப்பினார்கள். அதனால் நிறங்களின் ஓரம் மங்கலாக ஒன்றுக்குள் ஒன்று கரையும், சில இடம் தண்ணியாக ஓடியிருக்கும், சில இடம் திப்பியாகத் தெறித்திருக்கும். பெட்ரோலில் கரைத்த பூச்சு தகட்டைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் கரைத்தது மழையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். எல்லா இடத்திலும் ஒரே கனத்தில், ஒரே நுண்ணிய சாரலில், இன்றைய கம்ப்ரஸர் அடித்த மாதிரி சமமாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

மேலே கோழிக்கூட்டுக் கம்பி வலை கட்டியவையும் உண்டு. வலையை நகர்த்த முடிந்தால் அடியில் பாருங்கள். பல வாரம் தலையில் ஆடிய கம்பி, உச்சியில் குறுக்கு மறுக்காகக் கீறலைப் பதித்திருக்கும். விளிம்பில் கம்பி கொக்கியிட்ட இடத்தில் பெயிண்ட் தகடு வரை தேய்ந்திருக்கும். வலைக்கு அடியில் பூச்சு சுத்தமாக இருந்தால், வலை நேற்று வந்தது.

துருவும் பூச்சும்

எல்லாச் சோதனையிலும் நான் அதிகம் நம்புவது துருவைத்தான். தகட்டில் துரு பிடித்துக் குழி விழுவதற்கு வருடங்கள் ஆகும். போர்க்காலத்தில் அடித்த பூச்சு, குழி விழாத, நல்ல தகட்டின் மேல் அடித்தது. பிற்பாடு துரு வந்தால் அது பூச்சைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், ஓரத்தில் பெயிண்ட் உடைந்து தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு மாறாக, துருக்குழிக்குள் பெயிண்ட் வழிந்து அடிவரை போர்த்தியிருந்தால், முதலில் துரு, பிறகு பெயிண்ட். மண்ணிலோ கொட்டகையிலோ பல வருடம் கிடந்த பிறகு வந்த பூச்சு அது. பத்து மடங்கு லென்ஸும் சின்ன டார்ச்சும் போதும்.

ஒரு முறை பெல்ஜியத்தில் சினே நகர ராணுவப் பொருள் சந்தையில் ஒரு மேசையில் அழகான மூன்று நிற எம்40 இருந்தது. விற்றவர் அதை அர்தென் காட்டுப் பக்கத்துப் பண்ணையில் கிடைத்தது என்றார். பின் விளிம்பில் குண்டூசித் தலை அளவுக் குழிகள், ஒவ்வொரு குழியின் அடியிலும் அதே அடர் மஞ்சள், ஒரு கீறல்கூட இல்லை. பண்ணையில் கிடைத்தது உண்மையாகவே இருக்கலாம், மஞ்சள் மட்டும் பண்ணைக்குப் பிறகு வந்தது. அவரோடு வாக்குவாதம் செய்யவில்லை, நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். சந்தையில் யாரையும் போலிக்காரர் என்று சொல்லத் தேவையில்லை, அவரும் அப்படியே வாங்கியிருக்கலாம்.

அடுத்தது ஆணிகள். உள்தோல் வளையத்தை மூன்று ஆணிகள் பிடித்திருக்கும்: முன்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று, பின்னால் ஒன்று. உள்ளே கால் இரண்டாகப் பிளந்து மடங்கும் ரகம், பட்டறையில் நாங்கள் போடும் காட்டர் பின் மாதிரி. களத்தில் அடித்த பூச்சு ஆணித் தலையையும் தகட்டையும் சேர்த்து மூடும். தலையைச் சுற்றி மெல்லிய வட்டமாகப் பெயிண்ட் விரிசல் விட்டிருந்தால் எப்போதோ ஆணியைத் திருகியோ கழற்றியோ இருக்கிறார்கள். தலைக்கு அடியில் எட்டிப் பார்க்க முடிந்தால் அங்கே களப் பூச்சு இருக்கக் கூடாது, ஆலைப் பூச்சு மட்டும்தான். ஆணியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். எண்பது வருடப் பழைய ஆணியின் கால் இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும்.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்றும் கவனியுங்கள். கீழே வைத்து எடுத்த ஹெல்மெட்டில் விளிம்பும் உச்சியும் முதலில் தேயும். தேய்ந்த இடத்தின் ஓரத்தில் அடுக்குகள் படிப்படியாகத் தெரிய வேண்டும்: பழுப்பு, அடியில் மஞ்சள், அடியில் சாம்பல், அதற்கும் அடியில் பச்சை, கடைசியில் கறுத்த இரும்பு. பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த நிறங்கள் வரிசையாகத் தெரியுமே, அப்படி. உப்புத்தாளால் தேய்த்த போலியில் எல்லா அடுக்கும் ஒரே சரிவில் வெட்டுப்பட்டு, ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும்.

மூக்கும் உதவும். பழைய பூச்சுக்கு வாசனை கிடையாது, கொஞ்சம் தூசியும் தோலும்தான் மணக்கும். தின்னர் வாடை, பாலிஷ் வாடை, எண்ணெய் வாடை அடித்தால் கேள்வி கேளுங்கள். நகத்தால் ஓரத்தை மெல்ல அழுத்தினால் பழைய பெயிண்ட் சிலாம்பு சிலாம்பாக உடையும், புதிய அக்ரிலிக் ரப்பர் மாதிரி நெகிழும். புற ஊதா டார்ச் அடித்தால் இன்றைய பெயிண்டுகளும் பசைகளும் சில சமயம் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், ஒளிரவில்லை என்பதற்காக நம்பிவிட முடியாது. அசிட்டோன் துடைத்துப் பார்க்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். உண்மையான பூச்சையும் அது கரைத்துவிடலாம்.

சுரண்டாதீர்கள்

பளிச்சென்ற டார்ச்சைத் தகட்டோடு சாய்த்துப் பிடித்தால் மறுபூச்சுக்கு அடியில் கேடய வடிவம் மெல்ல மேடாகத் தெரிவதுண்டு. அடியில் சின்னம் இருக்கிறது என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் நல்ல ஹெல்மெட்டுகள் செத்துப்போகின்றன. சின்னம் இருந்தால் விலை கூடும் என்று மேல்பூச்சை ரசாயனத்தால் கரைத்து எடுக்கிறார்கள். 1940ல் கிடங்கில் ஒருவர் அடித்த, அதற்குப் பிறகு போர் முழுக்கத் தேய்ந்த பூச்சைத் துடைத்துவிட்டு, பாதி கரைந்த ஒரு கழுகை மீட்பதில் என்ன இருக்கிறது? பெயிண்ட் அடிக்கிறவனாகச் சொல்கிறேன், அந்தப் பூச்சை நானோ வேறு யாருமோ திரும்ப அடிக்க முடியாது. சாய்வு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள், போதும்.

போருக்குப் பின் அடித்தவையும் வரலாறுதான். ஜெர்மானியர் விட்டுப்போன ஹெல்மெட்டுகளுக்குப் பச்சை அடித்து நார்வே ராணுவம் பல வருடம் அணிந்தது. ஃபின்லாந்து போரின்போது வாங்கியவற்றைப் பிறகும் பயன்படுத்தியது. 1951ல் தொடங்கிய மேற்கு ஜெர்மன் எல்லைக் காவல் படையும் இந்த வடிவத்தைத்தான் அணிந்தது. 1945க்குப் பின் பட்டினி காலத்தில் ஜெர்மனியில் ஹெல்மெட்டுகளைத் துளையிட்டுச் சமையல் வடிதட்டாக மாற்றினார்கள், நீண்ட கைப்பிடி வைத்து எருக்குழி அள்ளினார்கள். அவற்றை அந்தப் பெயரிலேயே, அந்த விலைக்கே வாங்கி மகிழலாம். போர்க்காலப் பூச்சு என்ற பெயரில் வாங்கினால்தான் நஷ்டம்.

ஜெர்மன் அல்லாதவையும் ஜெர்மன் நிறம் பூசி வரும். ஹங்கேரியின் 38எம் ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு சிறு உலோகப் பட்டை ரிவெட் அடித்திருக்கும். அதை அறுத்து எடுத்தாலும் தழும்பு போகாது. ஸ்பெயினின் 1942 மாடலில் சின்னம் செருகும் கொக்கி நெற்றியில் இருக்கும், அங்கேயும் தழும்பைத் தேடுங்கள். ஜெர்மன் குடிமக்களின் வான்தாக்குதல் பாதுகாப்புப் படைக்குச் செய்த ஹெல்மெட் சிலவற்றில் தகட்டைச் சுற்றி ஒரு வரம்பு எழும்பியிருக்கும். எவ்வளவு பூச்சு அடித்தாலும் அது மறையாது.

வாங்குவதும் வைத்திருப்பதும்

நார்மண்டியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ச் சந்தைகள்தான் என் இடம். குடும்பங்கள் பரணில் கிடந்ததைக் கொண்டு வருவார்கள். முதலில் கண் பழக வேண்டும். பய்யோவில் உள்ள நார்மண்டிப் போர் அருங்காட்சியகம், கொல்வில்லில் உள்ள ஓவர்லார்ட் அருங்காட்சியகம், ஜெர்மனியில் டிரெஸ்டன் ராணுவ அருங்காட்சியகம், இவற்றில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றை மணிக்கணக்கில் பாருங்கள். பூச்சு எப்படித் தேயும் என்பது அங்கே கண்ணில் பதியும்.

தோண்டப் போகாதீர்கள். பிரான்ஸில் அனுமதியில்லாமல் தொல்பொருள் தேட மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது சட்டவிரோதம். வெடிக்காத குண்டு இன்னும் மண்ணில் இருக்கிறது, செத்துப் புதைந்த மனிதர்களின் உடல்களும் இருக்கின்றன. சட்டத்தில் இன்னொன்று: ஜெர்மனியில் தண்டனைச் சட்டம் 86அ பிரிவின்படி நாஜி சின்னத்தைப் பொதுவில் காட்டக் கூடாது, கல்வி, ஆய்வு, வரலாறு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பிரான்ஸிலும் பொது இடத்தில் அணிவதும் காட்டுவதும் குற்றம். சந்தையில் சின்னத்தின் மேல் சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அதனால்தான். என் வீட்டுக் கூடத்தில் நான் எதையும் வைப்பதில்லை. இந்த ஹெல்மெட் அணிந்த படை என்ன செய்தது என்று இங்கே ஒவ்வொரு கிராமத்துக் கல்லறையும் சொல்கிறது. விருந்தாளி முன் அலங்காரமாக வைக்கிற பொருள் அல்ல இது.

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வெறும் இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் உலோகத்தைப் பாதுகாக்கப் பூசும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு துளி போடலாம். சொரசொரப்புப் பூச்சின் மேல் மெழுகு பட்டால் மினுங்கும், பிறகு எடுக்க முடியாது. தோலுக்கு எண்ணெய் வேண்டாம். விளிம்பில் எடை விழாமல் உள்ளே ஒரு நுரை மேடு வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வெயில் படாத அலமாரியில் வையுங்கள். தாடைவாரில் தொங்கவிடாதீர்கள், தையல் விட்டுப்போகும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: முத்திரை, அளவு, தொகுதி எண், வாங்கிய ஊர், விற்றவர் சொன்ன கதை, நீங்கள் பார்த்த அடுக்குகளின் வரிசை. விற்றவர் சொன்னதையும் நீங்கள் பார்த்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். பின்பக்க உள் ஓரத்தில் வெள்ளை பெயிண்டில் அணிந்த சிப்பாயின் பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் இணையத்தில் போட வேண்டாம். ஜெர்மன் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கமான ஃபோல்க்ஸ்புண்டின் தேடல் பக்கத்தில் பெயரைத் தேடலாம், பெர்லினில் உள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதியும் கேட்கலாம். பழைய படைவீரர் பதிவுகள் 2019 முதல் அங்கேதான் இருக்கின்றன. பதில் வர மாதங்கள் ஆகும். வந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.